தீப்பெட்டி அளவுப் படம்

நான் மல்டிமீடியா படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது மதினி தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே, "அது படிச்சா என்ன வேலை குடுப்பான்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்துவிடும் என்ற பயத்தில், "டிசைன் வேலை மதினி" என்றேன்.

"அப்ப நான் என்ன வேலை பாக்கேன்?" என்று தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கழுத்தைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு ஒரு வருசம் படிக்கணுமாக்கும். சரி, போ. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். ஒரு வருசந்தான். அடுத்த வருசமும்னு வந்து நிக்கப்படாது."

நிற்க முடியாது என்பது எனக்கும் தெரியும். மதினி என் கணவரின் அக்கா. கணவருக்கு மின்சாரத் துறையில் வேலை. மகள் பிறந்த ஏழாம் மாதம் அவருக்குக் கட்சால் தீவுக்கு மாற்றல் வந்தது. அங்கே பவர் ஹவுஸில் டீசல் ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸ் இல்லாததால் வேறு இரண்டு பேருடன் ஒரே அறையில் தங்கினார். நானும் மகளும் டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் மதினி வீட்டுப் பின்பக்கத்து இரண்டு அறைகளில் இருந்தோம். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் நாங்கள் கப்பலேற வேண்டும் என்பது ஏற்பாடு. கட்சாலில் போய் மல்டிமீடியா படிக்க முடியாது. ஆக, இந்த டிப்ளமோவை ஒரே தடவையில் முடித்தாக வேண்டும்.

வகுப்பு அபர்டீன் பஜாரில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில். வாரத்தில் மூன்று மதியம். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேஸை அணைத்தேனா என்று யோசிப்பேன். பிறகு மருந்து டப்பாவை எட்டாத இடத்தில் வைத்தேனா என்று. இரண்டாவது நிறுத்தத்தில் மதினிக்கு போன் செய்வேன். "அணைச்சாச்சு. வச்சாச்சு. பிள்ள உறங்குது. நீ படி தாயி" என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லி வைத்துவிடுவார்.

மகளுக்கு எட்டாம் மாதத்தில் இளைப்பு வந்தது. சளி பிடித்தால் நெஞ்சில் விசில் போல ஒரு சத்தம் கேட்கும். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் டாக்டர் முன்னால் பேசாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். மூன்று தடவை இப்படி ஆனது. மூன்றாம் தடவை அந்த டாக்டர், "அடுத்த முறை சத்தம் வரும்போது போனில் பதிவு செய்து கொண்டுவாருங்கள்" என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்லியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நான் அதைக் கடமையாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து மகளின் ஒவ்வொரு இருமலும், மூச்சும், தோல் தடிப்பும், தெர்மாமீட்டர் காட்டிய எண்ணும் என் போனில் இருந்தன.

அவற்றை முதலில் டாக்டருக்காக எடுத்தேன். பிறகு கணவருக்காக.

கட்சாலில் நெட்வொர்க் இப்போது முன்பைவிடப் பரவாயில்லை என்பார்கள். அவர் இருந்த இடத்துக்கு அது வந்து சேரவில்லை. ஷிஃப்ட் முடிந்ததும் கப்பல் ஜெட்டிக்குப் போகும் வழியில் ஒரு மேட்டில் ஏறி நிற்பார். அங்கே இரண்டு கோடு காட்டும். குரல் அழைப்பு பாதியில் அறுந்துவிடும். வீடியோ என்ற பேச்சே இல்லை. படம் அனுப்பினால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அவர் மேட்டில் கொசுக்கடியில் நிற்க, இங்கே நான் அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படிப் பல நாள் போன பிறகுதான் எது போகும், எது போகாது என்று கற்றுக்கொண்டேன். பெரிய படம் போகாது. சின்னதாக்கினால் போகும். முழு முகம் வேண்டாம், தடிப்பு மட்டும் தெரிய வெட்டினால் இன்னும் சீக்கிரம் போகும். பதினைந்து நொடிக்குள் இருந்தால் ஒலிப்பதிவு போகும். அதனால் பேச ஆரம்பிக்கும் முன் நான் யோசிக்க வேண்டியிருந்தது. 'ஹலோ, எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா' எல்லாம் போய்விட்டது. "கேளுங்க" என்று மட்டும் சொல்லி, போனை மகளின் நெஞ்சருகே வைப்பேன். அவ்வளவுதான்.

நாற்பது படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். அதைச் சுருக்கி அனுப்பிவிட்டு நாற்பதையும் அழித்துவிடுவேன். என் போனில் இடம் கிடையாது. அனுப்பியாயிற்று, அவர் பார்த்தாயிற்று, பிறகு எதற்கு என்பதுதான் என் கணக்கு. தீவில் ஆளைப் பிரிந்து இருக்கிற எத்தனையோ வீடுகளில் இப்படித்தான். பக்கத்து வீட்டு அக்காவின் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். அவனுக்குப் படம் சுருக்கி அனுப்ப அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அது ஒரு நல்ல பழக்கம் என்று நம்பித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

தேர்ந்தெடுப்பதில் ஒரு முறை தவறு செய்தேன். மகள் கட்டிலிலிருந்து விழுந்து நெற்றியில் வலது பக்கம் புடைத்துவிட்டது. அன்றைக்கு அவருக்கு இடது பக்கத்திலிருந்து எடுத்த படத்தை அனுப்பினேன். அவர் தனியாகக் கிடந்து கவலைப்படக்கூடாது என்று நினைத்தேன். என் கவனக்குறைவு தெரியக்கூடாது என்றும் நினைத்தேன். மதினி வழியாக அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் பதினோரு நொடிக்கு ஒரு குரல் வந்தது. பின்னால் ஜெனரேட்டர் இரைச்சல். "எடிட் பண்ணின பிள்ளைய எனக்கு அனுப்பாத. எது இருக்கோ அத அனுப்பு."

அதற்குப் பிறகு எது இருந்ததோ அதை அனுப்பினேன்.

வகுப்பில் பதினான்கு பேர். சொல்லித்தருபவர் கல்கத்தாவில் படித்துவிட்டுத் திரும்பிய வங்காளிப் பெண். என்னைவிட நான்கு வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னைத் தீதீ என்பார், அக்கா என்று. வகுப்பில் எல்லாம் ஹிந்திதான், நம் தீவு ஹிந்தி. எனக்குப் பக்கத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் தெலுங்குப் பையன் ஒருவன் உட்காருவான். என்னை அண்ணி முறை வைத்து 'பாபி' என்று கூப்பிட்டு எல்லாவற்றுக்கும் கிண்டல் செய்வான்.

முதல் பயிற்சிக்குப் பதினான்கு பேரும் கடலைக் கொண்டுபோனோம். சூரியன் மறைகிற கடல், தென்னை சாய்ந்த கடல், படகு நிற்கிற கடல். மேடம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மூன்று நாள் வந்துபோகிற டூரிஸ்ட் இதைவிட நல்ல கேமராவில் எடுத்திருப்பான். இங்கேயே கிடக்கிற நீங்கள் ஏன் அவன் எடுத்ததையே எடுக்கிறீர்கள்?" என்றார். எனக்கு அன்று பஸ்ஸில் கேஸ் ஞாபகம் வரவில்லை. அந்தக் கேள்விதான் இருந்தது. கலை என்றால் அழகாக இருப்பது, அழகாக இருப்பது என்றால் வீட்டில் இல்லாதது என்று நான் எங்கேயோ கற்றிருக்கிறேன். எங்கே என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பில் எல்லோரும் மலை இரண்டும் நடுவில் சூரியனும் வரைந்தோம். எங்கள் பள்ளி ஜன்னலில் அப்படி ஒரு காட்சி கிடையாது.

கடைசிப் படைப்புக்கு மூன்று நிமிடம். படமும் ஒலியும். பொருள்: உங்கள் வீட்டில் இருப்பது, உங்களைத் தவிர யாரிடமும் இல்லாதது. அறிவிப்பைப் படித்ததுமே எனக்கு எதைச் செய்யப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது. இது எனக்குப் புதிது. கத்திரிக்காய் வாங்கவே இரண்டு கடை ஏறி இறங்கித் திரும்பவும் முதல் கடைக்கு வருகிறவள் நான்.

போனில் கணவருடனான உரையாடலில் இரண்டு வருடமாக அனுப்பியவை அப்படியே இருந்தன. மகள் மதியம் தூங்கும் நேரத்தில் அவருடைய பழைய லேப்டாப்பில் அவற்றை ஒவ்வொன்றாக இறக்கினேன். இருமல். மூச்சு. தகர ஷீட்டில் மழை. மதினியின் மெஷின் ஓடி நிற்கும் சத்தம். முதுகில் தடிப்பு. பாதி கடித்த பிஸ்கெட். மூடிய கண். "கேளுங்க" என்று என் குரல். "ம்ம். கேட்டேன்" என்று அவர் குரல். வரிசைப்படுத்தினேன். சளியில் தொடங்கி, சளி சரியாகி, அடுத்த சளி தொடங்குவதில் முடித்தேன். அதைத் தவிர வேறு கதை அதில் இல்லை.

அதற்கு நடுவில் குவார்ட்டர்ஸ் ஆர்டர் வந்தது. தேர்வு முடிந்த அடுத்த வாரத்துக் கப்பலில் டிக்கெட் எடுத்தாயிற்று. மதினி, "நல்லதாப் போச்சு. நீயும் பரிச்சைய முடிச்சிட்டுக் கெளம்பிருவ" என்றார். முடிக்காமல் போனால் என்று நான் கேட்கவில்லை.

தேர்வுக்குப் பத்து நாள் முன்பு வகுப்பிலேயே முன்னோட்டமாக எல்லோருடையதையும் சுவரில் போட்டுப் பார்த்தோம். என் முறை வந்தது. ப்ரொஜெக்டர் என் மகளின் முதுகைச் சுவர் முழுக்க விரித்தது. முதுகு தெரியவில்லை. பழுப்பும் சிவப்புமாகக் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது.

"பாபி, பாத்ரூமுக்கு டைல்ஸ் பாக்குறீங்களா?" என்றான் தெலுங்குப் பையன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த படமும் டைல்ஸ். அதற்கடுத்ததும். லேப்டாப்பின் சின்னத் திரையில் கொஞ்சம் மங்கல் என்று நினைத்தது சுவரில் இப்படி ஆகிவிட்டது.

மேடம் விளக்கைப் போட்டார். "ஒரிஜினல் எங்கே தீதீ?"

"இல்ல மேடம்."

"இல்லையென்றால்? வீட்டில் இருக்கிறதா?"

"அழிச்சிட்டேன். அனுப்பினதும் அழிச்சிருவேன்."

மேடம் படித்த இடத்தில் எல்லாவற்றையும் பெரிய அளவில் எடுத்துப் பத்திரப்படுத்தித்தான் பழக்கம். எந்தப் படத்தையும் சுருக்குவதற்கு முன் ஒரு நகல் வை என்று முதல் மாதமே சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். பாடத்தில் எழுதியது ஒன்று, வீட்டில் கை செய்தது வேறு. இரண்டும் ஒரே வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"ஒலி நன்றாக இருக்கிறது. படம் இப்படி இருந்தால் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பாஸ் போட மாட்டார்" என்றார். "பத்து நாள் இருக்கிறது. திரும்ப எடுங்கள்."

தெலுங்குப் பையனுக்கே பாவமாகிவிட்டது போல. படியிறங்கும்போது, "என் கேமராவ எடுத்துட்டுப் போங்க பாபி. சனிக்கிழமைதான் அடுத்த முகூர்த்தம்" என்று பையோடு கொடுத்தான்.

திரும்ப எடுப்பது சுலபம் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை மகளுக்கு உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் ஓரம் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். கண்ணை மூடு என்றேன். மூடினாள். ஒரு கண்ணால் பார்த்தாள். சளி பிடித்த அன்று போட்டிருந்த அதே மஞ்சள் சட்டை இப்போது இடுப்புக்கு மேலே நின்றது. நான் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, இப்ப இருமவா?"

அவளாகவே இருமினாள். அழகாக, இரண்டு தடவை, கையை வாயில் வைத்துக்கொண்டு. பிறகு லென்ஸைப் பார்த்து, "நல்லா இருமினேனா?" என்றாள்.

நோய் வரக்கூடாது என்று எத்தனை கோயிலில் வேண்டியிருக்கிறேன். அந்த நோயை என் மார்க்குக்காக நடித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைவிட இன்னொன்று உறைத்தது. இரண்டு வருடமாக அவள் இருமும்போதெல்லாம் நான் போனோடு ஓடி வந்திருக்கிறேன். இருமினால் அம்மா வருவாள் என்று அவளுக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேனோ? இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. கேமராவைப் பையில் வைத்துவிட்டு அவளோடு பாயில் படுத்துக்கொண்டேன். மதினி எட்டிப் பார்த்து, "என்னட்டி, கதாநாயகி உறங்குதா, டைரக்டரும் உறங்கியாச்சா?" என்றார்.

"சரிவரல மதினி."

"சரிவராட்டி விடு. கடல எடு. பிள்ளைய எதுக்குப் போட்டு வாட்டுத?"

கடலை எடுத்திருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது. நல்ல கேமராவும் கையில் இருந்தது. தெளிவான கடலுக்குப் பாஸ் மார்க் நிச்சயம். அன்று மதியம் முழுக்க அதைத்தான் யோசித்தேன். வீட்டில் எல்லோருக்கும் அது போதும். கணவருக்கும் போதும். சான்றிதழில் எந்தப் படம் என்று எழுதியிருக்கப்போவதில்லை. நான் எப்போதும் போதும் என்பதைச் செய்கிறவள்தான். ஆனால் 'எது இருக்கோ அத அனுப்பு' என்று சொன்ன குரலும் அந்த வரிசையில்தான் இருந்தது. அதை வெட்டிவிட்டுக் கடலை வைக்க எனக்கு மனம் வரவில்லை. கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"என்ன பாபி, ஷூட்டிங் பேக்கப்பா?"

"பேக்கப்தான்."

அதன் பிறகு நடந்தது என் சாமர்த்தியம் என்று சொல்ல முடியாது. எடிட்டிங்கில் ஒரு படத்தை உள்ளே இழுத்துப் போட்டதும் அது தன் உண்மையான அளவில் கறுப்புத் திரையின் நடுவே வந்து உட்காரும். உடனே ஒரு பொத்தானை அழுத்தித் திரை முழுக்க விரிப்பது வழக்கம். எல்லோரும் அப்படித்தான் செய்வோம். அன்று நான் முதுகுப் படத்தை இழுத்துப் போட்ட நேரம் மகள் எழுந்து அழுதாள். பொத்தானை அழுத்தாமலே எழுந்து போய்விட்டேன். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், பெரிய கறுப்புக்கு நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு படம். அதில் முதுகு முதுகாகவே இருந்தது. தடிப்பு தடிப்பாகவே இருந்தது. நான் நாற்காலியை முன்னால் இழுத்து, குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. மகளும் குனிந்து பார்த்து, "பாப்பா" என்று விரலை வைத்தாள்.

படத்தில் குறை இல்லை. அதன் அளவுக்கு மீறி நான் அதை இழுத்ததுதான் குறை. கட்சாலுக்குப் போன அளவிலேயே அது சுவரிலும் இருக்கட்டும். ஒலியைச் சுருக்க வேண்டாம். அது அறை முழுக்க வரட்டும். எல்லாப் படத்தையும் திரும்ப அதன் அளவுக்கே கொண்டுவந்தேன். மகளின் மூன்று மதியத் தூக்கத்தில் வேலை முடிந்தது.

மேடத்திடம் காட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

"தீதீ, இது குறையை ஒளிக்கிற வழி."

இப்படி யாராவது ஏதாவது சொன்னால் 'ஆமாம், நீங்கள் சொல்வதுதான் சரி' என்று என் வாய் தானாகச் சொல்லும். அன்றும் சொல்லத்தான் திறந்தது. ஒளிக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். புடைப்பை மறைக்க இடது பக்கத்தைக் காட்டினேனே, அது ஒளித்தது. மகளைப் பாயில் படுக்க வைத்து இருமச் சொன்னால் அது ஒளிப்பது. இது அந்த வகை இல்லை.

"ஒளிக்கல மேடம். இது இவ்வளவுதான் இருந்துச்சு. இவ்வளவுதான்னு காட்டுறேன்."

"படம் திரை முழுக்க இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது."

நான் அந்த விதித்தாளைப் பையிலிருந்து எடுத்தேன். நான்கு முறை படித்திருந்தேன். கவலைப்படுகிறவளுக்கு ஒரு லாபம், எல்லாத் தாளையும் கடைசி வரி வரை படித்திருப்பாள். "இறுதிக் கோப்பு இந்த அளவுல இருக்கணும்னுதான் போட்டிருக்கு மேடம். கோப்பு அந்த அளவுலதான் இருக்கு. உள்ள இருக்கிற கறுப்பும் நான் வச்சதுதான்."

அவர் தாளை வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார். சிரிப்பு வந்ததை அடக்கியது தெரிந்தது. "தேர்வாளரிடம் உங்களுக்காக நான் பேச மாட்டேன். நீங்கள்தான் பேச வேண்டும்."

"பேசுறேன்."

வீட்டுக்குப் போனதும் மதினியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். "ஃபெயில் ஆக்கிட்டான்னா?"

"ஆக்கினா ஆக்கட்டும்."

"இத உன் வாயால கேட்டுட்டேன். இனி மழ பெய்யும்" என்றார். பொழுதுக்கும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

தேர்வாளர் மெயின்லேண்டிலிருந்து வந்திருந்தார். நரைத்த தாடி, மரியாதையான குரல். ஏழாவது என்னுடையது. விளக்கு அணைந்தது. மகளின் மூச்சு அறை முழுக்க விசிலடித்தது. சுவரில் பெரிய கறுப்பு. நடுவில் சின்னதாக மூடிய கண்.

"ப்ரொஜெக்டரில் கோளாறா?" என்று கேட்டார்.

"இல்ல சார். படம் அவ்வளவுதான்" என்றேன். என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். முன்னால் சாய்ந்தார். இருமல் வந்தபோது எழுந்து சுவரை நோக்கி நடந்தார். பின்னால் இருந்தவர்களுக்கு மறைத்தது. தெலுங்குப் பையன் இருட்டில், "சார், தோடா பைட்டியே" என்று கொஞ்சம் உட்காரச் சொன்னான். தேர்வாளர் சுவருக்கு இரண்டடி முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு ஒவ்வொருவராக நாற்காலியை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள். மேடமும் போனார். நான் மட்டும் கடைசி வரிசையில் நின்றேன். அங்கிருந்து எனக்குப் படமே தெரியவில்லை. எல்லோருடைய முதுகும்தான் தெரிந்தது. "கேளுங்க" என்ற என் குரல் அவர்களுக்கு மேலே வந்தது. "ம்ம். கேட்டேன்" என்று ஜெனரேட்டர் இரைச்சலோடு அவர் குரல் வந்தது. யாரும் சிரிக்கவில்லை.

விளக்கு வந்ததும் தேர்வாளர் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். ஏன் இவ்வளவு சிறிதாக என்று கேட்டார். சொன்னேன். மேடு, சக்கரம், சுருக்கியது, அழித்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பயிற்சி செய்து வைத்திருந்த பதில் அப்படியே மறந்துவிட்டது. அதனால் சுருக்கமாகச் சொல்ல முடிந்தது.

"திரும்ப எடுத்திருக்கலாமே?"

"முயற்சி பண்ணினேன் சார். என் பொண்ணு நடிச்சா. நல்லாவே நடிச்சா. அதான் விட்டுட்டேன்."

அவர் தாளில் ஏதோ எழுதினார். "படத்தின் தரத்துக்கான மார்க்கை என்னால் கொடுக்க முடியாது. அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது, அதில் குறைத்தாக வேண்டும். மற்றவற்றில் பாஸ் ஆகிவிடுவீர்கள். இப்போதும் இதைத் திரை முழுக்க மாற்றித் தர விரும்புகிறீர்களா? நாளை காலை வரை நேரம் தருகிறேன்." அவர் அதை உதவியாகத்தான் சொன்னார். மாற்றினால் டைல்ஸ் ஆகும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்றுதான்.

"வேண்டாம் சார். குறைச்சுக்கோங்க."

வகுப்பிலேயே அந்தக் கட்டத்தில் குறைந்த மார்க் எனக்குத்தான். அதைப் பார்த்ததும் பழைய கவலை ஒரு தடவை தலைகாட்டியது. கடலை எடுத்திருந்தால் இந்த எண் இப்படி இருந்திருக்காது. அந்த நினைப்பு வந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, போய்விட்டது. கணவருக்கு ஒரு வரி அனுப்பினேன்: பாஸ்.

கப்பலேறுவதற்கு இரண்டு நாள் முன்பு சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட மாடிக்குப் போனேன். மேடம் இன்னொரு தாளையும் நீட்டினார். அடுத்த ஆண்டு மாணவர்களுக்குக் காட்ட என் படைப்பை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கும் படிவம். மகளுக்கு இரண்டரை வயது. அவள் முதுகையும் மூச்சையும் முன்பின் தெரியாத பிள்ளைகள் பார்க்கலாமா, வளர்ந்த பிறகு அவள் என்னைக் கேட்பாளா என்று யோசித்தேன். மேடம் காத்திருந்தார். பேனாவைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்தேன். அவளுடைய பெயர் எங்கேயும் வரக்கூடாது, அவள் வேண்டாம் என்று சொல்லும் நாளில் எடுத்துவிட வேண்டும் என்று கேட்டேன். சரி என்றார்.

"நிபந்தனை என்று ஒரு கோடு இருக்கிறது பாருங்கள். அதில் எழுதுங்கள்."

இரண்டையும் எழுதினேன். அந்தக் கோட்டில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. மேடத்தைக் கேட்காமலே மூன்றாவதாக ஒன்றை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்: படத்தைப் பெரிதாக்கக் கூடாது. பார்க்கிறவர்கள் பக்கத்தில் வர வேண்டும்.